மழையும் ஒரு திறப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 2025 தை மாதம் வட்டுக்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கட ஐரோப்பியச் சுற்றுலாவைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுங்கோ அக்கா, கொஞ்சம் பம்பலாயும் இருக்கட்டும்" என்று செயலாளர் என்னிடம் கேட்டிருந்தார். சங்கத்தின் நூறு ஆண்டு வரலாற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையில் இருக்கிறார்கள். ஆகவே நான் மழையைப் பற்றியும் ஒரு வாகனத்தைப் பற்றியும் பேசுகிறேன். கடைசியில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைப்பேன். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் 1981ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு. வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர், நான்கு பேர் இருந்ததால் ஆசிரியர்கள் எங்களை ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நான் "சங்கரத்தை" ஆனேன். மற்ற மூவர் அராலி, மூளாய், சித்தங்கேணி. நாற்பது வருடம் கழிந்தும் கைத்தொலைபேசியில் அந்தப் பெயர்களில்தான் பதிந்து வைத்திருக்கிறோம். ஒருநாள் என் பேத்தி திரையைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, உங்களுக்கு ஒரு ஊர் கோல் எடுக்குது" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

அராலி சூரிச்சில், சித்தங்கேணி பாரிஸில், மூளாய் பேர்லினில், நான் டோர்ட்முண்டில் இருக்கிறோம். நால்வரும் ஐரோப்பாவின் நடுவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அதைப் பார்த்தவர்கள் இல்லை. விடுமுறை என்றால் யாருடையவோ கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, செத்தவீடு. வெள்ளி இரவு வேலை முடித்து, பின்சீற்றில் பிள்ளைகளை நித்திரையாக்கி, விடிய விடிய ஓடி, ஞாயிறு இரவு திரும்புவோம். வருடத்தில் ஒருமுறை ஹாம் காமாட்சி அம்பாள் தேர். பிரயாணத்தில் நாங்கள் கண்ட ஐரோப்பா என்பது அதிவேக வீதியோரத்துப் பெற்றோல் நிலையங்களும் அவற்றின் மலசலகூடங்களும்தான்.

அறுபத்திரண்டு வயதில் அராலி ஒரு யோசனை சொன்னாள். "ஒரு வோன்மொபில் வாடகைக்கு எடுப்பம். படுக்கையும் குசினியும் கூடவே வரும். சித்தங்கேணியின்ர முழங்காலுக்கு ஹோட்டல் படி ஏறவும் தேவையில்லை."

வோன்மொபில் என்று ஜேர்மன் மொழியில் சொல்வது வீட்டுவண்டியைத்தான். வானைவிடப் பெரியது, பஸ்ஸைவிடச் சிறியது. உள்ளே நான்கு படுக்கை, இரண்டு காஸ் அடுப்பு, ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி, அலுமாரி அளவில் ஒரு குளியலறை. நல்ல தண்ணீருக்கு 100 லீற்றர் தாங்கி, கழிவு நீருக்கு இன்னொன்று. மலக்கழிவு ஒரு பெட்டியில் சேரும். அதைக் கழற்றிக்கொண்டு போய் உரிய இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த வேலைக்கு முறை வைத்தோம். பாடசாலையில் வகுப்பறை கூட்ட முறை வைத்தது போலவே, முறை வந்த அன்று ஒவ்வொருத்திக்கும் தலையிடி வந்தது.

என் அம்மம்மா இந்த வண்டியைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டா. அவவின் காலத்தில் கூடார வண்டிலில் பாய், அரிக்கன் லாம்பு, கட்டுச்சோறு எல்லாம் ஏற்றிக்கொண்டு வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் போவார்கள். வழியில் மடம் இருக்கும். மடத்தருகே கேணி, சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; வீதி நடுவால் போகும், இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை. ஐரோப்பாவில் வீட்டுவண்டிகளுக்கென்று ஊர்தோறும் தரிப்பிடங்கள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவு ஊற்றும் இடம். கட்டணம் உண்டு என்பதைத் தவிர, அவையும் மடங்கள்தான். ஆவுரஞ்சிக்கல் மட்டும் இல்லை.

2024 செப்டெம்பர் 7ஆம் திகதி, சனிக்கிழமை, டோர்ட்முண்டிலிருந்து புறப்பட்டோம். ஓட்டுநர்கள் அராலியும் நானும். வழிகாட்டி சித்தங்கேணி. வண்டியிலே ஒரு பெண்குரல் பாதை சொல்லும். அதற்கு எதிராக இவள் ஒரு பாதை சொல்வாள். மூளாய் பின்னால் இருந்து தேத்தண்ணி போடுவாள். திட்டம் இதுதான்: ரைன் நதியோரமாகக் கோப்ளன்ஸ், அங்கிருந்து தெற்கே ஊல்ம், பிறகு டனூப் நதியைப் பிடித்துக்கொண்டு றேகன்ஸ்பேர்க், பசாவ், ஒஸ்ரியாவின் வாக்கவ் பள்ளத்தாக்கு, கடைசியாக வியன்னா.

மழை கோப்ளன்ஸிலேயே எங்களோடு சேர்ந்துகொண்டது. மோசல் நதி ரைனில் கலக்கும் முனையில் நான்கு குடைகளோடு நின்று படம் எடுத்தோம். படத்தில் குடைதான் தெரிகிறது. ஊல்ம் தேவாலயக் கோபுரம் 161.5 மீற்றர் உயரம், 768 படி. எங்களுக்குத் தெரிந்தது கீழ்ப்பாதி மட்டும். மேற்பாதி முகிலுக்குள் இருந்தது. படி ஏறுவதா என்ற பேச்சே எழவில்லை.

வெளியே போக முடியாத மழைநாளில் நாலு பெண்கள் ஒரு வீட்டுவண்டிக்குள் என்ன செய்வார்கள்? சமைப்பார்கள். றேகன்ஸ்பேர்க் தரிப்பிடத்தில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஒடியல் மா மூளாய் கொண்டு வந்தது. இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு. மிளகாய் அரைத்துப் போட்டதும் புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. பக்கத்து வண்டியிலிருந்து ஒரு வயோதிபர் தீயணைக்கும் கருவியோடு ஓடி வந்தார். அவருக்கும் மனைவிக்கும் ஒவ்வொரு கோப்பை கொடுத்தோம். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வடிய, இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள்.

செப்டெம்பர் 11ஆம் திகதி பசாவ். டனூப், இன், இல்ஸ் என்ற மூன்று நதிகள் கூடும் நகரம் அது. பழைய நகரசபைக் கட்டடச் சுவரில் வெள்ளக்கோடுகள் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஒரு கோடு, பக்கத்தில் ஆண்டு. 2013ஆம் ஆண்டில் நதிமட்டம் 12.89 மீற்றர். அந்தக் கோடு என் தலைக்கு மிக மேலே இருந்தது. கிட்டத்தட்ட அதே உயரத்தில் 1501ஆம் ஆண்டின் வெள்ளம். ஐந்நூறு வருடத்துக்கு முன் வந்த தண்ணீரையும் மறக்காத ஊர் அது. அந்தச் சுவரை நினைவில் வைத்திருங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

அன்றிரவு வண்டிக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருக்க, மூளாய் தன் பயணத்தைச் சொன்னாள். நாற்பது வருடச் சிநேகிதத்தில் முதல் தடவையாக முழுதாகச் சொன்னாள்.

1985இன் தொடக்கத்தில் அவள் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்குப் பேர்லினின் சூனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினாள். 1983 யூலைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் பலர் வந்த பாதை அது. கிழக்கு ஜேர்மனி கடந்துபோகும் அனுமதி கொடுக்கும். நகர ரயிலில் பிரெடெரிக்ஸ்ட்ராச நிலையம் வரை போய், அங்கிருந்து அடுத்த ரயில் ஏறினால் மேற்குப் பேர்லின். மேற்குப் பக்கத்தில் குடிவரவுச் சோதனை இல்லை. கிழக்குப் பேர்லின் எல்லையை மேற்கு நாடுகள் எல்லையாக ஏற்கவில்லை என்பதே காரணம். 1985 நடுப்பகுதியில், மேற்கு ஜேர்மனி கேட்டுக்கொண்டதன்பேரில், விசா இல்லாத தமிழர்களுக்கு அந்த வாசல் மூடப்பட்டது. இவள் அதற்குச் சில மாதங்கள் முன்னே வந்தவள். இருபத்திரண்டு வயது, ஒரு சூட்கேஸ், கையில் ஒரு முகவரித் துண்டு. மழை. மேற்குப் பேர்லினில் இறங்கினால் முகவரித் துண்டு நனைந்து எழுத்து கரைந்துவிட்டது. இரவு முழுதும் நிலையத்து வாங்கில் இருந்தாள்.

"அண்டைக்கு எனக்குப் பசி தெரியேல்லை, குளிர் தெரியேல்லை. எங்க போய்ப் படுக்கிறது எண்டது மட்டும்தான்" என்றாள்.

நாங்கள் மூவரும் பேசவில்லை. எங்களில் ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு இரவு இருக்கிறது. ஐரோப்பாவின் வீதிகளைப் பற்றி எங்களுக்கு இருந்த பயம் என்ன என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்த வீதிகளை நாங்கள் முதன்முதல் கடந்தது சேர வேண்டிய இடம் தெரியாமல். திரும்பிப் போக வீடும், இரவு படுக்க இடமும் நிச்சயமாக இருப்பவர்கள்தான் மழையைப் பார்த்துச் சிரிக்க முடியும். அதே மழை, அதே வீதி. நாங்கள் சுற்றுலாப் பயணிகளாக மாற முப்பத்தொன்பது வருடம் எடுத்திருக்கிறது.

மறுநாள் ஒஸ்ரியாவுக்குள் போய், டனூப் கரையோரம் ஒரு முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். அடுத்த நாளிலிருந்து பெய்த மழை வேறு மாதிரி. போரிஸ் என்று பெயர் வைத்த புயல்மழை அது, செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒஸ்ரியா, செக், போலந்து, ருமேனியா என்று மத்திய ஐரோப்பா முழுவதும் நனைந்தது. கீழ் ஒஸ்ரியா மாநிலத்தின் சங்க்ட் பேல்டன் பகுதியில் ஐந்து நாட்களில் 350 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. ஜேர்மனியில் ஒரு முழு வருடத்துக்கே சராசரி 800 மில்லிமீற்றர் அளவுதான் என்றால் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை, தீயணைப்புப் படைச் சீருடையில் ஒரு பெடியன் வண்டிக் கதவைத் தட்டினான். இருபது வயது இருக்கும். "அம்மா, அரை மணித்தியாலத்தில் எல்லோரும் இங்கிருந்து கிளம்ப வேண்டும். மேட்டில் பாடசாலை இருக்கிறது. என் பின்னால் வாருங்கள்" என்றான். அவனுக்குச் சம்பளம் இல்லை. ஒஸ்ரியாவின் தீயணைப்புப் படையினரில் மிகப் பெரும்பாலானவர்கள் தொண்டர்கள். தச்சர், வங்கி ஊழியர், கமக்காரர். அதற்கடுத்த நாள், 15ஆம் திகதி, மாநிலம் முழுவதும் அனர்த்தப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதே நாள் ஒரு வீட்டு நிலவறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் இறந்துபோனார்.

பாடசாலை சின்னது. நாங்கள் போனபோது வாசலில் விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது. ஒரு பெண் கையில் திறப்புக்கோர்வையோடு நின்றா. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவ அதிபரும் இல்லை, ஆசிரியையும் இல்லை. அந்தப் பாடசாலையின் பழைய மாணவி. ஊரில் அவசர நேரத்தில் பாடசாலையைத் திறக்கும் பொறுப்பு மூன்று பேரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறதாம். மூன்று பேரிடமும் ஒவ்வொரு திறப்பு. பெயரும் தொலைபேசி எண்ணும் நகரசபைப் பலகையில் ஒட்டியிருக்குமாம். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். "நான் ஏழு வயதில் இந்தக் கதவால் உள்ளே வந்தனான்" என்று சிரித்தா.

உடற்பயிற்சி மண்டபத்தில் மெத்தைகள் விரித்திருந்தார்கள். எண்பது, தொண்ணூறு பேர் வந்து சேர்ந்தோம். வயதானவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார், இரண்டு நாய், ஒரு கிளிக்கூடு. மின்சாரம் போய் வந்தது. எங்கள் வண்டியில் காஸ் சிலிண்டரும் அடுப்பும் இருந்தன. சித்தங்கேணி பாரிஸில் இருபது வருடம் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தவள். யாரையும் கேட்கவில்லை, சேலை கட்டியிருந்தால் முந்தானையைச் செருகியிருப்பாள், காற்சட்டை என்றபடியால் சட்டைக் கையை மடித்துவிட்டாள். பருப்பு, சோறு, முட்டைப் பொரியல். மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லி நான் பக்கத்தில் நின்றேன். இரவு பதினொரு மணிக்கு நனைந்து வந்த அந்தத் தீயணைப்புப் பெடியன் மூன்று தட்டுச் சாப்பிட்டான். "உங்கள் நாட்டில் மழைக்கு இதையா சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டான். "மழைக்கு மட்டுமில்லை தம்பி" என்றாள் மூளாய்.

விளக்கு அணைத்த பிறகு மூளாய் என் பக்கத்தில் படுத்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அம்மா படுத்த இடமும் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது 1995ஐப் பற்றி. அந்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு. இந்த மண்டபத்தில் அந்த இரவு நடந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றும் மழை. மூளாயின் அம்மா தனியாக நடந்து, கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறேழு குடும்பங்களோடு மாதக்கணக்கில் இருந்தா. 1996 சித்திரையில்தான் ஊர் திரும்பினா. அந்த வருடமே காலமானா. மகளுக்கு வந்தது ஒரேயொரு கடிதம். அதில், "நாங்கள் இருக்கிற வகுப்பறைக் கரும்பலகையில் யாரோ பிள்ளை எழுதின கணக்கு இன்னும் அழியாமல் இருக்கு, நான் அதை அழிக்க விடயில்லை" என்று எழுதியிருந்தாவாம்.

மூளாய் அந்த வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வரவே இல்லை. "ஆருக்காகப் போறது?" என்பாள். அன்றிரவு அந்த ஒஸ்ரியப் பாடசாலை மெத்தையில் கிடந்து, "எனக்கு அந்த வகுப்பறையைப் பாக்க வேணும்" என்றாள். அதுதான் எங்கள் சுற்றுலாவின் முடிவு. வியன்னாவை நாங்கள் பார்க்கவில்லை. 1972 முதல் 1988 வரை 21 கிலோமீற்றருக்கு வெட்டிய புதிய டனூப் வாய்க்கால் அந்த நகரத்தைக் காப்பாற்றியது என்று வானொலியில் கேட்டதோடு சரி. புதன்கிழமை வீதி திறந்ததும் லின்ஸ், பசாவ், நூர்ன்பேர்க் வழியாகத் திரும்பினோம். அந்தப் பெண்ணிடம் விடைபெறும்போது, எங்களிடம் மிஞ்சியிருந்த ஒடியல் மாப் பையைக் கொடுத்து, கூழ் காய்ச்சும் விதத்தை ஜேர்மன் மொழியில் எழுதியும் கொடுத்தேன். நண்டுக்கு என்ன செய்வா என்று தெரியவில்லை.

நவம்பர் 20ஆம் திகதி நாங்கள் நால்வரும் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்தோம். எங்கள் வகுப்பில் படிக்கும்போது பலாலியிலிருந்து வெளிநாடு போவதாகச் சொன்னால் சிரித்திருப்பார்கள். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் சென்னை விமானம் திரும்பவும் வரத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் சேவையில் சேர்ந்தது. இரண்டு இயந்திர விசிறியோடு ஒரு சின்ன விமானம். ஒன்றேகால் மணித்தியாலம். பிரெடெரிக்ஸ்ட்ராசவுக்குப் போன பாதையின் நீளத்தை நினைத்தால், திரும்பி வந்த பாதை நம்ப முடியாத அளவு குறுகியது.

குடிவரவு மேசையில் இருந்த பிள்ளை மூளாயின் ஜேர்மன் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, தமிழில், "எந்த இடம் அம்மா?" என்று கேட்டது. இவள் "மூளாய்" என்றாள். நாற்பது வருடம் நாங்கள் கூப்பிட்ட பெயர். அதை ஒரு அரசாங்க மேசையில் தன் ஊர் என்று அவள் சொன்னது அன்றுதான். அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். பின்னால் வரிசை. சித்தங்கேணி, "அழுறதெண்டால் வெளிய வந்து அழடி, சனம் நிக்குது" என்றாள்.

இரண்டு நாள் வெயில். பிறகு எங்கள் மாரி தொடங்கியது. பிற்பாடு பெங்கால் என்று பெயர் பெற்ற புயலின் முன்னோடி மழை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு வருடத்தில் 1200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. ஜேர்மனியின் சராசரியைவிடக் கூட. ஆனால் அது வருடம் முழுதும் தூறாது. பெரும்பகுதியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும். வற்றாத ஆறு இல்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்தில், அந்த மூன்று மாதத் தண்ணீர்தான் எங்கள் கிணற்றில் வருடம் முழுதும் நிற்கிறது. மழை எங்களுக்கு எதிரி இல்லை. குளமும் வாய்க்காலும் தூர்ந்து, தரவை நிலத்தில் வீடு எழும்பிய இடத்தில்தான் அது வெள்ளமாகிறது. வழுக்கையாறு எங்கள் வயல்களைக் கடந்து அராலியில் கடல்நீரேரியைச் சேர வேண்டும். அதன் வழியை நாங்கள் அடைத்தால் அது வீட்டு முற்றத்தால் போகும்.

உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி தொடங்கியது. 27ஆம் திகதி நாடு முழுவதும் நிறுத்த வேண்டி வந்தது. அன்று பின்னேரம், வயற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் பாடசாலையை நோக்கி வந்தார்கள். கிராம சேவையாளர் தொலைபேசியில் சொல்ல, ஒரு ஆசிரியை முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து இதே மண்டபத்தைத் திறந்தார். அவர் இந்தச் சபையில்தான் இருக்கிறார்; பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குக் கை தட்டுவோம்.

நாங்களும் வந்தோம். சித்தங்கேணி திரும்பவும் சட்டைக் கையை மடித்தாள். இந்த முறை மிளகாய்த்தூளைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று, புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து, அந்த மேடைப் படியில் இருந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் இரசாயனவியல் படித்தது. மூளாய் ஒன்றும் பேசாமல் போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு இருந்தாள். தென்மராட்சி வகுப்பறையை நாங்கள் பிறகு, மழை விட்ட பின், போய்ப் பார்த்தோம். கட்டடம் புதிது, கரும்பலகை புதிது. ஆனால் அவள் தேடியது அன்றிரவே இங்கே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி என் கோரிக்கை.

எங்கள் சங்கம் நூற்றாண்டு நினைவாக இந்த மண்டபத்தைத் திருத்தப் பணம் சேர்க்கிறது. உலகெங்கும் இருக்கும் கிளைகள் மனமுவந்து கொடுக்கின்றன. மேடைத் திரையும் ஒலிபெருக்கியும் குளிரூட்டியும் பட்டியலில் இருக்கின்றன, வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் ஐந்து விடயங்களைச் சேர்க்கும்படி கேட்கிறேன்.

முதலாவது, தரை. மண்டபத்தின் தரைமட்டம் கடந்த நவம்பர் தண்ணீரைவிட எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். அளந்த பிறகு, பசாவ் நகரசபைச் சுவரில் செய்தது போல, எங்கள் வாசல் தூணில் ஒரு கோடு போட்டு 2024 என்று எழுத வேண்டும். கட்டடம் கட்டுபவர்களுக்கு அந்தக் கோடு பொய் சொல்லாது.

இரண்டாவது, மலசலகூடம். இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களுக்கு ஸ்பியர் என்ற சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகள் உண்டு. ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரைக்குக் கீழ் இடம். ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. வீட்டுவண்டியில் எங்கள் நால்வருக்கும் 100 லீற்றர் ஒன்றரை நாளில் முடிந்தது. தண்ணீர்க் கணக்கு எனக்கு அங்கேதான் பாடமானது. வெள்ளத்தில் கிணறு மாசடையும். ஆகவே கூரை மழைநீரைச் சேர்க்கும் தாங்கி ஒன்று வேண்டும். சாதாரண நாட்களில் அது பூந்தோட்டத்துக்கு உதவும்.

மூன்றாவது, மறைப்பு. உடை மாற்றவும், குழந்தைக்குப் பால் கொடுக்கவும், மாதவிடாய் நாட்களில் ஒதுங்கவும் கதவுள்ள ஒரு அறை. பெண்கள் பாடசாலை இதை மறந்தால் வேறு யார் நினைப்பார்கள்? அந்த அறையில் ஒரு அலுமாரி நிறையப் பாய், போர்வை, சுகாதாரத் துணி, மெழுகுதிரி, கைவிளக்கு.

நான்காவது, ஒரு குசினி. விழாவுக்கும் உதவும், வெள்ளத்துக்கும் உதவும். இதற்குச் சித்தங்கேணி தன் ஓய்வூதியத்திலிருந்து முதற்பங்கைத் தருவதாக எழுதித் தந்திருக்கிறாள். கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாவதுக்குப் பணமே தேவையில்லை. திறப்பு. மூன்று திறப்புகள் வெட்டுங்கள். பாடசாலைக்கு அரை மைலுக்குள் வசிக்கும் மூன்று பழைய மாணவிகளிடம், அதிபரின் சம்மதத்தோடு, ஒவ்வொன்று கொடுங்கள். அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கிராம சேவையாளரிடமும் வாசல் பலகையிலும் இருக்கட்டும். நவம்பரில் அந்த ஆசிரியை ஊரில் இருந்தார். அவர் அன்று கொழும்புக்குப் போயிருந்தால், கைக்குழந்தையோடு வந்த அந்தத் தாய் எவ்வளவு நேரம் மழையில் நின்றிருப்பா?

புலம்பெயர்ந்த தங்கச்சிமாருக்கு ஒரு சொல். பணம் அனுப்புகிறோம், நல்லது. ஆனால் திறப்பு வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பவர்கள்தான். ஊரோடு இருந்து, எல்லா மழையும் நனைந்து, இந்தப் பாடசாலையை மூடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். எங்கள் பணம் அவர்களின் தீர்மானத்துக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல.

அராலி வேலைக்குத் திரும்பிவிட்டாள். சூரிச்சிலிருந்து உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாள். சித்தங்கேணி முன்வரிசையில் முழங்காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். மூளாய் தன் விமானச் சீட்டை இரண்டு முறை பின்போட்டுவிட்டாள். தாயின் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. அடுத்த மாரிக்கு முன் முடிக்க வேண்டுமாம். பாடசாலையிலிருந்து அந்த வீடு அரை மைலுக்குச் சற்றுக் கூட. ஆனாலும், முதலாவது திறப்பை வாங்கிக்கொள்ளத் தான் ஆயத்தம் என்று இந்த மேடையில் சொல்லும்படி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சற்றுக் கூட்டத்தைச் செயற்குழு பொறுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.